மனோதர்மம் யாருடைய உடைமை?

வன்னி நிலத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் அதன் குளங்களை எண்ணியிருக்கிறார்கள், காடுகளை அளந்திருக்கிறார்கள், விளைந்த நெல்லையும் காய்ச்சலால் மாண்டோரையும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆங்கிலேய அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல் அத்தகைய உழைப்புக்கு ஒரு சான்று. 1782 இல் ஒல்லாந்தர் வன்னியை அடக்கிய கதையையும், 1803 இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றி அதே ஆண்டு ஒக்டோபரில் கற்சிலைமடுவில் தோல்வியுற்ற கதையையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயின், அந்நிலத்து மக்கள் எந்த ஓசைகளைக் கேட்டு வாழ்ந்தார்கள், எவற்றைத் தாமே ஆக்கினார்கள் என்ற சரித்திரம் இன்னும் முறையாக எழுதப்படவில்லை. எழுதப்பட்ட சிறு பகுதியிலும் ஆக்கியோரின் பெயரைக் காண்பது அரிது.

இது ஏதோ ரசனை சம்பந்தமான சிறு குறை என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. எந்த ஓசையைக் கலை என்று மதிப்பது, எதைத் தொண்டு என்று தள்ளுவது என்ற தீர்ப்பில் ஒரு சமூகத்தின் முழு அமைப்பும் அடங்கியிருக்கிறது.

இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றில் 'பரிசோதனை இசை', 'ஒலிக்கலை' என்ற பெயர்களில் கச்சேரித் தொடர்கள் நடைபெறுகின்றன. அவற்றிற்கும் ஒரு சரித்திரம் உண்டு. இயற்றியவன் தாளில் எழுதி வைத்ததை வழுவின்றி வாசித்துக் காட்டுவதே இசைக் கலைஞனின் கடமை என்ற எண்ணம் ஐரோப்பாவில் நெடுங்காலம் கோலோச்சியது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது ஆட்டங்கண்டது. 1952 ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 ஆம் நாள், அமெரிக்காவின் வூட்ஸ்டொக் என்னும் ஊரில் டேவிட் டியூடர் என்ற பியானோ கலைஞர் மேடையேறினார். 4 நிமிடம் 33 விநாடி ஒரு சுரமும் வாசிக்காமல் அமர்ந்திருந்தார். பின் எழுந்து சென்றார். ஜோன் கேஜ் இயற்றிய படைப்பு அது. வாத்தியம் மௌனமாயிருக்கையில் அவையோரின் செவியில் விழும் காற்றும் இருமலும் முணுமுணுப்புமே இசை என்பது அவர் கொள்கை. 1965 இல் லண்டனில் ஏ. எம். எம். என்னும் குழு, எழுதிய பாட்டு எதுவுமின்றி அந்தக் கணத்தில் பிறக்கும் ஓசையையே கச்சேரியாக்கியது. அந்நகரத்திலேயே 1977 தொடக்கம் டெரிக் பெய்லி என்ற கித்தார்க் கலைஞர், முன்பின் சேர்ந்து வாசித்தறியாதவர்களை ஒரே மேடையில் கூட்டி, ஒத்திகையின்றி வாசிக்கச் செய்யும் தொடர் ஒன்றை நடத்தினார்.

இச்செய்திகளைக் கேட்கும் நம்மவர் இரு வகைப்படுகின்றனர். ஒரு சாரார், 'இதுவும் ஒரு சங்கீதமா?' என்று நகைப்பர். மற்றொரு சாரார், மேனாட்டார் செய்வதாலேயே அது நாகரிகத்தின் கொடுமுடி என்று வாய்பிளந்து நிற்பர். இரு சாராரும் மறப்பது ஒன்றே. கணத்தில் ஆக்கும் இசைக்கு நம்மிடம் பெயர் உண்டு, இலக்கணமும் உண்டு. அதன் பெயர் மனோதர்மம். ராக ஆலாபனை, நிரவல், கற்பனாசுவரம், தனி ஆவர்த்தனம் ஆகிய யாவும் அதன் வழிகள். சபைகளில் இவ்வளவோடு அதன் பட்டியல் முடிந்துவிடுகிறது. வன்னியின் வயல்களிலும் வீதிகளிலும் சுடலைகளிலும் அது எடுத்த வடிவங்கள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஏன் என்பதே நமது கேள்வி.

களமும் காவலும்

வன்னி, குளத்தை நம்பிய நாடு. குளத்தின் கீழ் வயல். வயலைச் சூழ்ந்து காடு. கதிர் முற்றும் காலத்தில் காட்டுப்பன்றியும் யானையும் வயலில் இறங்கும். ஆகவே உழவன் இரவெல்லாம் காவற்கொட்டிலில் விழித்திருக்க வேண்டியவன். தகரத்தைத் தட்டுவான், கூவுவான், பாடுவான். அடுத்த வயற் காவற்காரன் மறுகுரல் கொடுப்பான். விலங்கை விரட்டுவது ஒரு பயன். உறக்கத்தை விரட்டுவது மற்றொன்று. 'நான் உயிரோடிருக்கிறேன், நீ எப்படி?' என்று இருளில் அயலவனை விசாரிப்பது மூன்றாவது. மெட்டு, பரம்பரையாக வந்தது. சொல்லோ அன்றிரவுக்கு உரியது. கடன்காரனும் கங்காணியும் காட்டுப்பன்றியும் ஒரே பாட்டில் இடம்பெறுவதுண்டு.

அரிவு வெட்டும் இதுபோன்றதே. ஒருவர் முன்பாட்டு எடுப்பார். வரிசையில் நின்று வெட்டுவோர் பின்பாட்டுப் பாடுவர். முன்பாட்டுக்காரரின் திறமை, மனனம் செய்த பாட்டின் எண்ணிக்கையால் அளக்கப்படவில்லை. வரிசை தளரும்போது நடையை மாற்றி, கேலியொன்றைக் கூட்டி, கைகளை மறுபடியும் ஒரே வீச்சுக்குக் கொண்டுவரும் சாமர்த்தியமே அவரது தகுதி. சூடு மிதிக்கும் களத்திலோ தாளத்தை நிருணயித்தவை எருமைகளின் குளம்புகள். இரவு முழுவதும் அவை சுற்றிவரும். ஓட்டுபவன் அவற்றின் நடைக்கு ஏற்பக் குரலை நீட்டுவான், குறுக்குவான். களத்துக்கென்று தனியான சொல்வழக்கும் இருந்தது. நெல்லைப் 'பொலி' என்பர். குறைவையும் முடிவையும் குறிக்கும் சொற்களை நாவில் எடுக்கமாட்டார்கள். எனவே அங்கே பாட்டைக் கட்டுபவன் சொற்களின் ஒரு பகுதியைத் தானே விலக்கிவைத்து, எஞ்சியதைக்கொண்டு கட்டவேண்டியவன். கட்டுப்பாட்டுக்குள் சுதந்திரம் என்று இன்றைய இசை அறிஞர் விளக்குவது இதைத்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட இரணைமடுக் குளமும், அதன்பின் வந்த குடியேற்றத் திட்டங்களும் வயலைப் பெருக்கின. பின்னர் உழவு இயந்திரம் வந்தது; சூடடிக்கும் இயந்திரம் வந்தது; இன்று வெட்டுவதையும் அடிப்பதையும் ஒரே இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. உழைப்பாளியின் முதுகு நிமிர்ந்ததை வரவேற்காதவர் மனிதாபிமானி ஆகார். பழைய பாட்டுக்காகப் பழைய பாட்டை மீட்டெடுக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால், வேலையோடு பிறந்த அந்தக் கலை வேலை போனபின் எங்கே போகும் என்ற கேள்வியை எவரும் எழுப்பாமலே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

அண்ணாவியாரின் இரவு

அறுவடை முடிந்த பின் வரும் காலம் வன்னியின் கலைக்காலம். வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிற் பொங்கலுக்கு வடபுலத்தின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் திரள்வர். கடல்நீரில் விளக்கேற்றும் வழக்கம் அக்கோயிலுக்குரிய தனிச்சிறப்பு. கண்ணகி வழிபாடு வேரூன்றிய அப்பகுதியிலே கோவலன் கூத்து வளர்ந்ததில் வியப்பில்லை. காத்தவராயன் கூத்தும் அங்கே பெருவழக்கு. முல்லைத்தீவின் கூத்து மரபை 'முல்லை மோடி' என்று தனியாகவே பெயரிட்டு அழைப்பர்.

விடியும்வரை நடக்கும் கூத்தில் ஏட்டுப் பிரதி உண்டு, மெட்டும் உண்டு. ஆயினும் எந்த இரண்டு இரவுகளும் ஒன்றாக இருந்ததில்லை. ஆடுபவன் களைத்தால் அண்ணாவியார் பக்கப்பாட்டை நீட்டி அவனுக்கு மூச்சு வாங்க இடங்கொடுப்பார். சபை உறங்கத் தொடங்கினால் தாளத்தை விரைவாக்குவார். தாய்மார் அழும் கட்டத்தில் ஒரே அடியை மும்முறை சுற்றிவரச் செய்வார். சபையின் முகத்தைப் படித்துக்கொண்டே பாட்டை நடத்திச் செல்லும் இந்த வித்தைக்கு எந்த ஏட்டிலும் குறிப்பு இல்லை.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்து மரபைச் செம்மைப்படுத்தி, பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 1962 இல் வந்த 'கர்ணன் போர்' அம்முயற்சியின் தொடக்கப் படைப்புகளில் ஒன்று. பாமரர் கலை என்று படித்தவர் முகஞ்சுளித்த ஒன்றுக்கு அவர் தேடித் தந்த மதிப்பு பெரிது. அந்த நன்றியை மறப்பதற்கில்லை. அதே வேளையில், விடியும்வரை நிகழ்ந்தது நகர மேடைக்காகச் சுருங்கியபோது, சுருக்கத்திற்கு முதலில் இரையானது அண்ணாவியாரின் மனோதர்மமே. நேரத்தை அளந்து நடத்தும் மேடையில் சபைக்காக ஓர் அடியை மும்முறை சுற்றிவர இடமில்லை. மதிப்புப் பெறும்போதே ஒரு கலை தன் உயிர்நிலைகளில் ஒன்றை விலையாகக் கொடுக்க நேர்வதற்கு இது தக்க உதாரணம்.

வீதியில் மூண்ட சமா

கணத்தில் ஆக்கும் இசையைத் தொடர் கச்சேரியாகவே கேட்டுப் பழகியவர்கள் ஈழத்து வடபுல மக்கள். கோயில் திருவிழா ஒன்று பத்து நாளோ இருபத்தைந்து நாளோ நடக்கும். ஒவ்வொரு நாளும் ஓர் உபயகாரர். ஒவ்வோர் இரவும் மேளம். தஞ்சை மாவட்டத்திலிருந்து கலைஞர்களை வருவித்த யாழ்ப்பாணத்தில், இணுவிலும் அளவெட்டியும் காலப்போக்கில் நாதஸ்வர, தவில் குடும்பங்களின் ஊர்களாயின. வன்னிக் கோயில்களுக்கும் அவ்வூர் மேளம் வருவது வழக்கமாயிற்று.

சுவாமி வீதிவலம் வந்து நிற்கும் இடத்தில் 'சமா' மூளும். நாதஸ்வரம் ஓய்ந்து தவில்கள் தனித்து நிற்கும். எட்டு அட்சரத் தாளத்தில் ஒருவர் ஒரு சுற்று வாசிப்பார். எதிர்நிற்பவர் அதே அளவில் விடையளிப்பார். பின் அளவு பாதியாகும், அதிலும் பாதியாகும், இறுதியில் இருவர் கைகளும் ஓரிரு அட்சரத்துக்குள் வினாவும் விடையுமாய் மோதும். குறைப்பு என்பது இதற்குப் பெயர். திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்று நடை மாறும். மோராவும் கோர்வையும் வந்து முடிவு சேரும். எதிர்நிற்பவர் என்ன வாசிப்பார் என்று இருவருக்கும் முன்கூட்டித் தெரியாது. வேட்டியை மடித்துக்கட்டி மணலிற் குந்தியிருக்கும் உழவனும் மீனவனும் தொடையில் தாளமிட்டுக் கணக்குப் பார்ப்பர். கோர்வை சமத்தில் வந்து விழும்போது எழும் ஆரவாரம் அவர்கள் கணக்குத் தப்பவில்லை என்பதற்குச் சாட்சி. பெய்லியின் மேடைக்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே இந்தச் சபை இருந்தது.

அந்த மரபின் சிகரம் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. 1933 இல் பிறந்து 1975 இல் மறைந்த அவர், தவிலைத் தன் காலத்துக்குமுன் எவரும் எண்ணாத கணக்குகளுக்குள் இட்டுச் சென்றார். தமிழகத்துப் பெரும் வித்துவான்களும் அவரை வியந்தனர். அவரது வாழ்வைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியத் தேசிய விருது பெற்றது. நாம் மகிழ வேண்டிய செய்திதான். ஒரு கலைஞனின் பெயர் எவ்வாறு காக்கப்படுகிறது என்பதையும் அது காட்டுகிறது: கேட்டவர்கள் நினைவில் வைத்தார்கள், சிலர் ஒலிப்பதிவு செய்தார்கள், பின்வந்தவர் படமாக்கினார்.

வெளியே நின்ற பறை

தவில் கோயிலுக்குள் ஒலித்தது. பறை வெளியே நின்றது.

சங்க காலத்துக்குரிய இலக்கணமான தொல்காப்பியம், ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களிலும் பறையை ஒன்றாக எண்ணியது. பிற்கால இலக்கணிகள் முல்லை நிலத்துக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி என்று வகுத்தும் காட்டினர். ஊரின் உணவும் தெய்வமும் போல அதன் தோற்கருவியும் ஊரின் அடையாளமாய் இருந்த காலம் அது. பின்னர் நிலவுடைமைச் சமூகம் இறுகியபோது பறை ஒரு சாதியின் கழுத்தில் மாட்டப்பட்ட கட்டளையாயிற்று. ஊரில் இழவு விழுந்தால் அடிக்கவேண்டும்; அம்மனுக்கும் ஐயனாருக்கும் பொங்கல் வந்தால் வெளியே நின்று அடிக்கவேண்டும்; கூலி கேட்பது குற்றம்; மறுப்பது பெருங்குற்றம். 'குடிமை' என்ற அழகான சொல் இந்த அநியாயத்துக்குப் போர்வையாயிற்று.

அடித்தவனின் கலை எத்தகையது? பிணம் வீட்டில் கிடக்கும்போது ஓர் அடி, பாடை எழும்போது வேறோர் அடி, வழியில் இறக்கி வைக்கும்போது மற்றோர் அடி, சுடலையில் இன்னொன்று. ஊர்வலம் எங்கே தாமதிக்கும், எந்த மகள் மயங்கி விழுவாள் என்று எவராலும் சொல்ல முடியாது. அத்தனைக்கும் இடங்கொடுத்துத் தாளத்தை நீட்டியும் முறித்தும் நடத்திச் செல்வது மனோதர்மம் அல்லாமல் வேறென்ன? ஆனால் கலையின் பெயரால் அவனை எவரும் அழைத்ததில்லை. சாதியின் பெயரால் அழைத்தார்கள்.

1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் வடபுலத்தில் தீண்டாமைக்கு எதிரான இயக்கத்தைக் கொழுந்துவிட்டெரியச் செய்தன. பறையடிக்க மறுப்பதும் அப்போராட்டத்தின் ஒரு வடிவமாயிற்று. கருவியைக் கீழே வைத்தவர்களைக் 'கலையை அழித்தவர்கள்' என்று பழிப்பவர்கள் உண்டு. அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்று: உங்கள் பிள்ளை அதைத் தூக்குவானா? விலங்கு கழற்றப்பட்ட பின்னரே கருவி கருவியாக முடியும். தமிழகத்தில் 1990 முதல் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையை எடுத்தாடியதும், மட்டக்களப்பில் மூன்றாவது கண் குழுவினர் பறைமேளக் கூத்தை அரங்கில் நிறுத்தியதும், அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025 இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டதும் இந்த மாற்றத்தின் படிகள். கட்டளையால் அடித்ததை, விருப்பத்தால் அடிக்கும் உரிமையாக மாற்றும் படிகள் அவை.

வன்னியில் இன்னொரு தோற்கருவியும் வந்து சேர்ந்தது. 1958 இலும் 1977 இலும் நடந்த இனக்கலவரங்களுக்குப் பின் மலையகத் தோட்டத் தொழிலாளர் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறினர். விடியற்காலையில் அவர்களைப் பிரட்டுக்கு அழைத்த தப்பே, காமன் கூத்திலும் மரண வீட்டிலும் அவர்களது கலையாகவும் இருந்தது. வடபுலத்துப் பறை நீள்உருளை வடிவானது. மலையகத் தப்பு வட்டச் சட்டத்தில் தோல் போர்த்தது. இரு கருவிகளும் ஒரே நிலத்தில், ஒரே வறுமையில் அடுத்தடுத்து வாழ்ந்தன. அவை ஒரு மேடையில் எதிரெதிரே நின்று சமா வைத்தால் என்ன பிறக்கும் என்று எண்ணிப் பார்க்கும் ரசிகர் சபை ஒன்று இன்னும் உருவாகவில்லை.

சுமத்தப்பட்ட மௌனம்

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் பெயர்ந்தபோது வன்னி அவர்களிற் பலருக்கு அடைக்கலமாயிற்று. 2009 இல் அந்த வன்னியே முழுவதும் பெயர்ந்தது. பல்லாயிரவர் மாண்டனர். எஞ்சிய இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வவுனியாவின் செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். உயிரைக் கையிற் பிடித்து ஓடியவன் மத்தளத்தையோ உடுக்கையோ சுமந்து ஓடவில்லை.

ஜோன் கேஜ் மௌனத்தைத் தேர்ந்தெடுத்துக் கொண்டார். ஓசை புகாத அறையொன்றினுள் நுழைந்தபோதும் தம் உடலின் ஓசையைக் கேட்டதாகக் கூறி, மௌனம் என ஒன்று இல்லை என்று முடிவு கட்டினார். வன்னியின் மௌனம் அத்தகையதன்று. அது சுமத்தப்பட்டது. மௌனத்தைத் தேர்ந்துகொள்பவனையும், மௌனமாக்கப்பட்டவனையும் ஒரே தராசில் நிறுத்துவது கலைக்கும் நீதியாகாது.

நமது பெண்களிடம் அந்தப் பாரத்தை இறக்கி வைக்க ஒரு கலை இருந்தது: ஒப்பாரி. மெட்டு மரபினுடையது; சொல் இறந்தவரின் வாழ்விலிருந்து அங்கேயே, அழுகையினூடே எடுக்கப்படுவது. ஒருத்தி தொடங்குவாள், மற்றவள் தோள்பற்றித் தொடர்வாள். எந்த மேடையும் அறியாத, எந்தப் பயிற்சியும் பெறாத பெண்கள் நடத்திய மாபெரும் மனோதர்மம் அது. ஆனால் ஒப்பாரிக்கு ஓர் உடல் வேண்டும். இறந்தார் என்ற உறுதி வேண்டும். 2017 பெப்ருவரி 20 ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். ஆண்டுக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்திருந்தனர். மகன் இருக்கிறானா, இல்லையா என்று அறியாத தாய் எந்தப் பாட்டை எடுப்பாள்? தாலாட்டையா, ஒப்பாரியையா? மரபு இதற்கு மெட்டு வைத்திருக்கவில்லை. புதியதொரு குரலை அவர்களே தேடவேண்டியிருக்கிறது. பரிசோதனை இசை என்பது சொகுசானவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

செய்யத்தக்கது

தென்னிலங்கை ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. சுமுதி சுரவீர என்ற மேளக் கலைஞர், கரையோரச் சிங்களவரின் பலிச் சடங்குக் கலைஞர்களை மேனாட்டு மேளத்தோடும் பாஸ் வாத்தியத்தோடும் சேர்த்து 'பலிஃபோனிக்ஸ்' என்ற குழுவை அமைத்தார். அங்கே சடங்குக் கலைஞர் கண்காட்சிப் பொருளாக நிறுத்தப்படவில்லை. மேடையின் சமபங்காளியாக நின்றார். சாதியால் ஒதுக்கப்பட்ட சடங்கு மேளக்காரர் சிங்களச் சமூகத்திலும் உண்டு என்பதை அறிந்தோர்க்கு இதன் பெறுமதி விளங்கும்.

வன்னியிலும் இது இயலும். பெருமண்டபம் வேண்டியதில்லை. அறுவடை முடிந்த ஒரு களம் போதும். மாதம் ஓரிரவு போதும். தவிலும் பறையும் தப்பும் உடுக்கும் ஒரே தரையில், ஒரே வரிசையில் அமரட்டும். ஒப்பாரி அறிந்த மூதாட்டிகள் விரும்பினால் பாடட்டும். விரும்பாவிட்டால் அந்த மௌனம் மதிக்கப்படட்டும். இசை பயிலும் பல்கலைக்கழக மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வரட்டும். கற்பிக்க அல்ல, கேட்க. வாசிப்போருக்கு, தவிற்காரர் முதல் பறைக்காரர் வரை, ஒரே ஊதியம் வழங்கப்படட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அழைப்பிதழில் வாசிப்பவர் ஒவ்வொருவரின் பெயரும் முழுமையாக அச்சிடப்படவேண்டும். தெட்சணாமூர்த்தியின் பெயரை நாம் அறிவோம்; அது நியாயம். அவர் தவில் ஒலித்த அதே இரவுகளில், கோயில் மதிலுக்கு வெளியே பறையோடு நின்றவர்களின் பெயர் ஒன்றையேனும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் வன்னியில் வாழ்கிறார்கள். கேட்பதற்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை.